எலெக்ட்ரான் சாதனப் பொறியாளர்களின் அவை

திருக்குறளின் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கற்றவன் தான் கற்றதைக் கற்றோர் முன்னிலையில் எடுத்துரைக்கவும், அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறவும் வல்லவனாக இருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. புலவர் தாம் இயற்றிய நூலைப் பேரவையில் அரங்கேற்றிய பின்னரே அது நூலென மதிக்கப்பட்டது. இந்த மரபு கவிதைக்கும் இலக்கணத்துக்கும் மட்டுமே உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது. கண்ணுக்குப் புலனாகாத எலெக்ட்ரானைக் கட்டுப்படுத்தி வேலை வாங்கும் பொறியாளர்களும் கடந்த நூற்றாண்டில் தமக்கென ஓர் அவையை அமைத்துக்கொண்டார்கள். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

எலெக்ட்ரான் சாதனம் என்பது யாது? பழைய வானொலிப் பெட்டியினுள் செந்நிறமாக ஒளிர்ந்த கண்ணாடி வால்வு ஓர் எலெக்ட்ரான் சாதனம். அதன் இடத்தைப் பின்னர் பற்றிக்கொண்ட டிரான்சிஸ்டர் மற்றொன்று. கைபேசியினுள் இருக்கும் சிப்பு, வீதிவிளக்கில் ஒளி தரும் டயோடு, சூரிய ஒளியை மின்சாரமாக்கும் பலகை, மின்சார ரயிலை இயக்கும் பெரிய மின்விசை ஆகிய யாவும் இதே குலத்தைச் சேர்ந்தவையே. இவற்றை ஆராய்ந்து அமைக்கும் பொறியாளர்களின் சங்கம், ஐ.இ.இ.இ. என்று வழங்கும் மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் ஒரு பிரிவாக இன்று உலகெங்கும் கிளை பரப்பி நிற்கிறது. எலெக்ட்ரான் சாதனச் சங்கம் என்பது அதன் பெயர்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. புலவனுக்கு அவை வேண்டும். தொழிற்சாலையில் பொருள் செய்வோருக்கு அவை எதற்கு? அவர்களுள் பலர் பெரிய நிறுவனங்களில் ஊதியம் பெறுவோர். அந்நிறுவனங்களோ போட்டியாளர் அறியாத இரகசியத்தையே தம் முதலாகக் கருதுபவை. தான் கண்டதைப் போட்டியாளர் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது வாணிகத்துக்கு ஒத்துவருமா? இந்தக் கேள்விக்கு வரலாறு அளித்த விடையே நம் பொருள்.

அவை அமையாத காலத்தில் நிகழ்ந்தவற்றை முதலில் நோக்குவோம். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890களில் மிகக் குறுகிய வானொலி அலைகளை ஆராய்ந்து வந்தார். 1897ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவை பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகத்தைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கு 1901இல் விண்ணப்பம் செய்யப்பெற்று, 1904இல் அமெரிக்க நாட்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திப் பொருளைக் கொண்டு அமைந்த பழமையான எலெக்ட்ரான் சாதனங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் அப்போது இத்துறைக்கென ஒரு சமூகம் இருக்கவில்லை. அந்த விதையை நட்டு நீர் வார்க்க அடுத்த கை வரவில்லை. போஸின் கருத்தும் செடிகொடிகளின் உயிர்த்துடிப்பை நோக்கித் திரும்பியது.

மற்றொருவர் ஜூலியஸ் லிலியன்ஃபெல்ட். லெம்பெர்க் நகரில் பிறந்து, லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, பின்னர் அமெரிக்கா சென்றவர். மின்புலத்தின் வாயிலாகத் திடப்பொருளில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற கருத்துக்கு அவர் 1925இல் கனடாவிலும், 1926இல் அமெரிக்காவிலும் விண்ணப்பித்தார். 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிப்புகளில் உள்ள டிரான்சிஸ்டரின் அடிப்படைக் கருத்து இதுவே. ஆனால் அவர் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிடவில்லை. அதனை நிறைவேற்றத்தக்க தூய குறைகடத்திப் பொருளும் அக்காலத்தில் கிடைக்கவில்லை. எனவே அக்கருத்து காப்புரிமை அலுவலகத்தின் ஏடுகளிலேயே உறங்கிற்று. 1948இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வழக்கறிஞர்கள் தம் கண்டுபிடிப்புக்கு உரிமை கோர முற்பட்டபோதுதான் அந்த ஏடு வெளிவந்து அவர்களுக்குக் குறுக்கே நின்றது.

இனி அவை அமைந்த வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்க மின்பொறியாளர் கழகம் 1884இல் தோன்றியது. தந்தி, தொலைபேசி, மின்விளக்கு ஆகியவற்றில் ஈடுபட்டோர் அதில் கூடினர். கம்பியில்லாத் தந்தி வளர்ந்தபோது, 1912இல் வானொலிப் பொறியாளர் கழகம் எனத் தனியே ஒன்று நிறுவப்பட்டது. இது தோன்றிய மறு ஆண்டிலேயே, 1913இல், சொற்களையும் குறியீடுகளையும் வரையறுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குச் சொற்களைக் கொண்டு செல்லும் தொழிலில் உள்ள நமக்கு இச்செய்தி மிக்க உவகை தருவது. ஒருவர் ஒரு சொல்லால் குறிப்பதை மற்றவரும் அச்சொல்லால் குறித்தாலன்றி இருவரும் வாதிடவும் இயலாது, உடன்படவும் இயலாது. பொறியாளர்கள் தம் அவைக்குக் கடைக்கால் எடுக்கும்போதே சொல்லைச் செப்பம் செய்துகொண்டனர்.

1947ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டெய்ன் இருவரும் ஜெர்மானியப் படிகத்தைக் கொண்டு மின்குறியைப் பெருக்கிக் காட்டினர். அதற்குப் பெயரிடவும் அங்கே ஒரு சிறு வாக்கெடுப்பு நடந்தது. ஜான் பியர்ஸ் என்னும் பொறியாளர் மொழிந்த டிரான்சிஸ்டர் என்ற சொல் வென்றது. பெயர் கிடைத்துவிட்டது, அதனை உலகறியச் சொல்லலாமா என்பதே அடுத்த கவலை. 1948 ஜூன் மாதத்தில் முதலில் படைத்துறையினருக்கு அதனைக் காட்டினார்கள். அவர்கள் அதனை இராணுவ இரகசியமென முத்திரையிட்டுவிடுவார்களோ என்ற அச்சம் ஆய்வுக்கூடத்தில் நிலவிற்று. அவ்வாறு நிகழவில்லை. ஜூன் 30ஆம் நாள் நியூயார்க்கில் டிரான்சிஸ்டர் பற்றிய அறிவிப்பு வெளியாயிற்று. 1952 ஏப்ரலில் பெல் நிறுவனம், 25,000 டாலர் முன்பணம் செலுத்திய கம்பெனிகளின் பொறியாளர்களை அழைத்து, டிரான்சிஸ்டர் செய்யும் முறையைப் பல நாட்கள் இருத்திக் கற்பித்தது. அன்று முத்திரை விழுந்திருப்பின் பின்னர் வந்த வரலாறு வேறாக இருந்திருக்கும்.

அதே 1952இல் வானொலிப் பொறியாளர் கழகத்தினுள் எலெக்ட்ரான் சாதனங்களுக்கெனத் தனித் தொழிற்குழு ஒன்று அமைந்தது. அக்காலத்தில் இத்துறையை ஆண்டது வால்வே. டிரான்சிஸ்டர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. எனினும் குழுவின் பெயரில் வால்வு என்ற சொல் இடம்பெறவில்லை. சாதனம் என்ற பொதுச் சொல்லே இடம்பெற்றது. பெயர் விரிந்ததாக இருந்தமையால் பழைய கலை வல்லோரும் புதிய கலை பயில்வோரும் ஒரே கூரையின் கீழ் அமர முடிந்தது. வால்வின் காலம் முடிந்த பின்னும் சங்கம் முடியாது நின்றது.

அவையில் சொல்வதன் ஆற்றலை 1954ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்கும். அந்நாளைய டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை. வெப்பம் ஏறினால் செயலிழப்பவை. சிலிக்கனால் ஆன டிரான்சிஸ்டர் வெப்பத்தைத் தாங்கும் என்று எல்லோரும் அறிந்திருந்தனர். செய்யும் வழிதான் கைகூடவில்லை என்று நம்பினர். உண்மையில் அவ்வாண்டு ஜனவரியிலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் டானன்பாம் அதனைச் செய்துவிட்டார். ஆனால் அந்த ஆய்வுக்கூடம் அதனைப் பறைசாற்றவில்லை. மே 10ஆம் நாள் ஓஹியோ மாநிலத்தின் டேடன் நகரில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் மகாநாடு ஒன்று கூடியது. சிலிக்கன் டிரான்சிஸ்டர் வரப் பல்லாண்டுகள் ஆகும் என்று பேச்சாளர்கள் பலர் உரைத்தனர். பின்னர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கார்டன் டீல் எழுந்தார். தம் சட்டைப் பையிலேயே சில சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் இருப்பதாகக் கூறி அவையைத் திகைக்க வைத்தார். ஓர் இசைத்தட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அதன் ஜெர்மானிய டிரான்சிஸ்டரைக் கொதிக்கும் எண்ணெயில் ஆழ்த்தியவுடன் இசை நின்றது. சிலிக்கன் டிரான்சிஸ்டரை அதன் இடத்தில் இணைத்து ஆழ்த்தினார்; இசை தடையின்றி ஒலித்தது. முதலில் செய்தவர் டானன்பாம். ஆயினும் சிலிக்கன் யுகம் டேடன் நகரத்து மேடையிலிருந்து தொடங்கியதாகவே உலகம் நினைவில் கொண்டது.

1955 அக்டோபரில் வாஷிங்டன் நகரில் எலெக்ட்ரான் சாதனங்களுக்கெனத் தனி ஆண்டு மகாநாடு முதன்முறையாகக் கூடியது. இது பிற்காலத்தில் சர்வதேச எலெக்ட்ரான் சாதன மகாநாடு என்று புகழ் பெற்றது. இதனுடன், சாதன ஆராய்ச்சி மகாநாடு என்ற சிறிய கூட்டமும் கோடைதோறும் பல்கலைக்கழக வளாகங்களில் நடைபெற்று வந்தது. பெரிய மகாநாட்டைத் திருவிழா என்று கொண்டால், சிறியதைத் திண்ணைப் பேச்சு எனலாம். முடிவுறாத ஆராய்ச்சியையும் அச்சமின்றி அங்கே எடுத்துரைக்கலாம்.

அத்தகைய திண்ணைப் பேச்சுக்கள் இரண்டை இங்கே குறிப்பிடுவோம். 1960இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் கூடிய மகாநாட்டில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த முகமது அட்டாலா, டவான் காங் இருவரும் ஒரு புதிய டிரான்சிஸ்டரை அறிமுகம் செய்தனர். அட்டாலா எகிப்தில் பிறந்தவர். காங் கொரியாவில் பிறந்தவர். உலோகம், ஆக்ஸைடு, குறைகடத்தி என மூன்று அடுக்குகளால் ஆன அச்சாதனம் மாஸ் டிரான்சிஸ்டர் எனப்படும். வேகம் குறைந்தது என்று கருதி அவர்கள் ஆய்வுக்கூடமே அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் சொல் அவையேறிவிட்டது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தினரும் ஃபேர்சைல்டு நிறுவனத்தினரும் அதனை எடுத்து வளர்த்தனர். இன்று உலகில் செய்யப்படும் சிப்புகளில் மிகப் பெரும்பாலானவை அந்த மாஸ் டிரான்சிஸ்டரால் ஆனவையே. லிலியன்ஃபெல்டின் உறங்கிய கனவு இவ்வாறு கண் விழித்தது.

மற்றொன்று 1962 ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துத் டர்ஹாமில் நிகழ்ந்தது. லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் கீஸ், தியோடர் குவிஸ்ட் இருவரும் காலியம் ஆர்ஸனைடு டயோடு ஏறக்குறைய முழுத் திறனுடன் ஒளி உமிழ்கிறது என்று தெரிவித்தனர். அவையில் ஒருவர் எழுந்து, இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரணாயிற்றே என்று தடை எழுப்பினார். கீஸ் அதற்காக வருந்துவதாகக் கூற, அவை சிரிப்பில் ஆழ்ந்தது. சிரிக்காது சிந்தித்தவர் ஒருவரும் அங்கே இருந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹால் ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே கணக்கிடத் தொடங்கினார். இவ்வளவு ஒளி கிடைக்குமாயின் அதிலிருந்து லேசர் கதிரைப் பெறலாமே என்பது அவர் எண்ணம். செப்டம்பரில் அவர் குழுவினர் குறைகடத்தி லேசரை இயக்கிக் காட்டினர். வேறு மூன்று குழுவினரும் சில வாரங்களுக்குள் அதே எல்லையை அடைந்தனர். இன்று கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளினூடே நம் செய்திகளைச் சுமந்து செல்வது அந்த லேசரின் வழித்தோன்றலே.

1963 ஜனவரி முதல் நாள் மின்பொறியாளர் கழகமும் வானொலிப் பொறியாளர் கழகமும் ஒன்றிணைந்து ஐ.இ.இ.இ. ஆயின. சாதனப் பொறியாளர் குழு அதன் உறுப்பாகி, 1976இல் சங்கம் என்ற நிலையை எய்தியது. இதற்கிடையே வாஷிங்டன் மகாநாட்டு மேடையில் இரண்டு முக்கியமான உரைகள் நிகழ்ந்தன. 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும், டிரான்சிஸ்டரின் நீள அகலங்களையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், வேகம் கூடும், ஆனால் ஒரு சதுர அங்குலத்தில் எழும் வெப்பம் கூடாது என்ற நெறியைக் காட்டினர். 1975இல் கார்டன் மூர், ஒரு சிப்பில் அடங்கும் உறுப்புக்கள் ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று தாம் 1965இல் எழுதியதைத் திருத்தி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் இரட்டிப்புக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று உரைத்தார். தம் முந்தைய கூற்றைத் தாமே அவைமுன் திருத்திக்கொண்டது கருதத்தக்கது. முன்னவர் வழியைக் காட்டினார். பின்னவர் வேகத்தைக் கணித்தார். போட்டி நிறுவனங்கள் யாவும் முப்பது ஆண்டுகள் இவ்விரண்டையும் பொது நாட்காட்டி போலக் கொண்டு நடந்தன. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாத நிலை 2000களின் நடுவில் வந்தபோது டென்னார்டு நெறி தளர்ந்தது.

சொந்த வீட்டில் மதிக்கப்படாதது அவையில் மதிக்கப்பட்டமைக்கு மற்றொரு சான்று ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோக்கா, மின்சாரம் நின்ற பின்னும் செய்தியைக் காத்து வைக்கும் புதிய நினைவகத்தை 1984இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய மகாநாட்டில் வெளியிட்டார். நினைவகத்தின் பெரும்பகுதியை ஒரே நொடியில் அழிக்க முடிவதைப் புகைப்படக் கருவியின் மின்னொளிக்கு ஒப்பிட்டு, அதற்கு ஃப்ளாஷ் என்று பெயரிட்டவர் அவருடன் பணியாற்றிய அரிஜூமி. மேலும் செறிவான இரண்டாம் வகையை மசுவோக்கா 1987இல் வாஷிங்டனில் வெளியிட்டார். அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 1988இல் இவ்வகை நினைவகத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மசுவோக்காவோ தமக்குரிய பங்கைக் கோரி 2004இல் தம் முன்னாள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. அவை புகழ் தரும். பொருள் தருவது அதன் கையில் இல்லை.

அவையில் விதைத்தது உடனே முளைக்கும் என்றும் சொல்ல இயலாது. 1989இல் ஹிட்டாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டிக் ஹிஸமோட்டோ, தரையில் படுத்துக் கிடக்கும் டிரான்சிஸ்டரை மீன் துடுப்புப் போல நிமிர்த்தி அமைக்கும் முறையை அம்மகாநாட்டில் காட்டினார். 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்மிங் ஹூவின் குழுவினர் ஹிஸமோட்டோவுடன் சேர்ந்து அதனை மேலும் வளர்த்தனர். இன்டெல் நிறுவனம் அவ்வகை டிரான்சிஸ்டரைத் தன் தொழிற்சாலைக்கு ஏற்றதாக அறிவித்தது 2011இல். மேடைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன. இடையில் அக்கருத்தை மறவாமல் காத்தது அச்சிட்ட ஏடே.

அவை ஏமாறுவதும் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி, பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் விஞ்ஞானி, தனி மூலக்கூறுகளைக் கொண்டே டிரான்சிஸ்டர் செய்ததாகப் புகழ்மிக்க சஞ்சிகைகளில் அடுத்தடுத்து எழுதினார். உலகம் வியந்தது. ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்களில் எவராலும் அதனைத் திரும்பச் செய்ய முடியவில்லை. வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே விதமான சிறு நடுக்கங்கள் பதிந்திருப்பதைக் கூரிய கண்ணுடைய சிலர் கண்டுகொண்டனர். விசாரணைக் குழு 2002 செப்டம்பரில் 16 குற்றச்சாட்டுக்கள் மெய்ப்பட்டன என்று அறிக்கை தந்தது. அவர் பணிநீக்கம் பெற்றார். அவர் கட்டுரைகள் பூட்டிய அறையில் இருந்திருப்பின் பொய்யும் பத்திரமாக இருந்திருக்கும். பலர் படித்ததால் அது வெளிப்பட்டது.

இப்பெரு நிகழ்ச்சிகளுக்கு நடுவே சங்கம் நாள்தோறும் செய்யும் பணிகள் அமைதியானவை. ஆய்வேடு ஒன்றை 1950களிலிருந்து வெளியிட்டு வருகிறது. வந்த கட்டுரையை அத்துறை வல்லார் சிலரிடம் அனுப்பி, குறைகளைக் கேட்டறிந்து, திருத்திய பின்னரே அச்சிடுவர். புதிய முடிவுகளை விரைந்து வெளியிட 1980இல் சிறு கட்டுரைகளுக்கென மற்றோர் ஏடு தொடங்கப்பட்டது. கட்டணமின்றி எவரும் படிக்கத்தக்க ஏடு 2013இல் வந்தது. டிரான்சிஸ்டரின் கணித வடிவத்தை 1954இல் ஜான் மாலுடன் சேர்ந்து வகுத்து, 1959இல் மறைந்த ஜூவல் ஏபர்ஸின் பெயரால் 1971இல் ஒரு விருது ஏற்படுத்தி, முதல் விருதை அந்த மாலுக்கே அளித்தனர். வல்லுநர்களை ஊர் ஊராக அனுப்பிக் கிளைகளில் சொற்பொழிவு ஆற்றச் செய்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பெட்டிகளைக் கொடுத்து விளையாட்டாகக் கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டுள்ளனர்.

நம் நாட்டுக்கு இந்த அவையுடன் உள்ள உறவு என்ன? 1953இல் டில்லியில் தொலைத்தொடர்புப் பொறியாளர் கழகம் தோன்றியது. மின்னணுவியலையும் பின்னர்த் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு பிலானியில் மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவப்பட்டது. வெளிநாட்டு வானொலிப் பொறியாளர் கழகத்துக்கும் இந்நாட்டில் கிளை உண்டாயிற்று. அதன் முதல் தலைவர் பி. வி. பாலிகா, அகில இந்திய வானொலியில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர்.

அவருடைய மைந்தர் ஜெயந்த் பாலிகா 1948இல் சென்னையில் பிறந்து, 1969இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய, ஐ.ஜி.பி.டி. என்று இன்று வழங்கும் ஆற்றல்மிக்க மின்விசை 1982இல் எலெக்ட்ரான் சாதன மகாநாட்டில் அரங்கேறியது. மாஸ் டிரான்சிஸ்டரைப் போலச் சிறு மின்னழுத்தத்துக்கு அடங்கி, பழைய இருமுனை டிரான்சிஸ்டரைப் போலப் பெரும் மின்னோட்டத்தைச் சுமக்க வல்லது அது. மின்சார ரயில், மின்சாரக் கார், குளிர்பதனக் கருவி, நம் வீட்டு மின்காந்த அடுப்பு எல்லாவற்றிலும் அது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட உதவுகிறது. 1998இல் ஏபர்ஸ் விருதும், 2024இல் ஃபின்லாந்து நாட்டின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசும் அவருக்குக் கிடைத்தன. தந்தை கிளை அமைத்தார். மைந்தர் அதே மரத்தின் உச்சியில் கனியாய் விளங்கினார்.

1981 முதல் ஈராண்டுக்கு ஒரு முறை குறைகடத்திச் சாதனங்களின் பௌதிகம் பற்றிய சர்வதேசப் பயிலரங்கு நம் நாட்டு நகரங்களில் கூடி வருகிறது. 2024 மார்ச்சில் எலெக்ட்ரான் சாதனச் சங்கத்தின் தொழில்நுட்ப, உற்பத்தி மகாநாடு பெங்களூருவில் கூடியது. போஸுக்கு உரிய இடமும் இந்த அவையினரால் வழங்கப்பட்டது. 1955இல் ஜெரால்டு பியர்சனும் பிராட்டெய்னும் வானொலிப் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் குறைகடத்தி ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதியபோது, படிகத்தைக் கொண்டு வானொலி அலையை உணர்ந்த முதன்மையைப் போஸுக்கே அளித்தனர். 2012இல் ஐ.இ.இ.இ. அவர் கல்கத்தாவில் செய்த சோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது. தாமதமாயினும் அவை தன் கடமையை மறக்கவில்லை.

இவ்வளவு நன்மை தந்த அவையின் கதவு என்றும் திறந்தே இருக்கும் என்று நாம் மெத்தனமாக இருத்தல் ஆகாது. 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசு சீனத்து ஹுவாவே நிறுவனத்தின் மீது வாணிகத் தடை விதித்தது. அதனையொட்டி ஐ.இ.இ.இ., அந்நிறுவனத்துப் பணியாளர்கள் தன் ஏடுகளுக்குக் கட்டுரைகளை மதிப்பிடலாகாது என்று அறிவித்தது. உலகெங்குமிருந்து கண்டனம் எழுந்தது. அரசிடம் விளக்கம் பெற்றுச் சில நாட்களில், ஜூன் தொடக்கத்தில், அத்தடை நீக்கப்பட்டது. நாடுகள் சிப்பை எஃகையும் எண்ணெயையும் போல வலிமையின் கருவியாகக் கருதும் காலம் இது. அத்தகைய காலத்தில் அந்தச் சில நாட்களின் நிகழ்ச்சி நினைவில் இருத்தற்குரியது.

கதவு அடைபட்டால் முதலில் துன்புறுவோர் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருப்போர் அல்லர். அவர்களுக்குச் சுற்றிலும் துணை உண்டு. தொலைவில், சிறு நகரத்துக் கல்லூரியில், ஒரு பழைய அளவுமானியுடன் தனித்து உழைக்கும் இளைஞருக்கே அந்த இழப்பு பெரிது. அவருடைய கட்டுரையை முன்பின் அறியாத ஒருவர் எங்கிருந்தோ படித்து, இந்த இடத்தில் பிழை, இந்த இடத்தில் நன்று என்று எழுதியனுப்புகிறார். கலீனாப் படிகத்தை வைத்துக்கொண்டு கல்கத்தாவில் தனித்திருந்த அறிஞருக்கு வாய்க்காத துணை அது. அத்துணை நம் நாட்டு இளைஞர்களுக்கு என்றும் நிலைத்திருக்க வேண்டும். அதற்குரிய கிளைகளையும் ஏடுகளையும் பயிலரங்குகளையும் நாமும் பேணி வளர்த்தல் வேண்டும்.